கோமு சாப்பிடும் கசம்

டீ ஆறிடப் போகுது, குடிங்கக்கா. சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க. உங்ககிட்டே ஒண்ணு கேட்கணும்னு காலையிலிருந்து நினைச்சுக்கிட்டே இருக்கேன். இல்லை, பரவாயில்லை, அப்புறம் கேட்கிறேன். ஒண்ணும் அவசரமில்லை. மணி இப்போ பத்தேகால்தானே? பாப்பாவும் உள்ளே தூங்குது.

எனக்கு வெளி ஆட்கள் முன்னாடி பேச்சே வராதுக்கா. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு என் பேரைக்கூட எங்க சித்திதான் சொன்னாங்க, முப்பிடாதின்னு. ஆறாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தினதுக்கும் அதுதான் காரணம். டீச்சர் எழுந்து நின்னு படிக்கச் சொல்லுவாங்க. நான் எழுந்து நிப்பேன், அவ்வளவுதான். இங்கே மீன் பிடிக்க வர்றவங்களுக்கும் டீயை வச்சுட்டு உள்ளே போயிடுவேன். உங்களைப் பார்த்தா எங்க பெரிய நாத்தனார் சாடை. அதான் உட்கார்ந்துட்டேன்.

உங்க வீட்டுக்காரர் நிக்கிறது தெரியுதா, அந்தப் பெரிய காட்டுப்பூவரசுக்குக் கீழே? அந்த இடத்துக்குப் பேர் பூவரசங்கசம். ஆத்துல ஆழமா, சுழிக்காம தண்ணி தேங்கிக் கிடக்கிற இடத்தை எங்க திருநெல்வேலிப் பக்கம் கசம்னு சொல்லுவோம். இந்த மலைக்கு வந்து மூணு தலைமுறை ஆச்சு, பேச்சு மட்டும் இன்னும் மலை ஏறலை. ஆறரைக்குத் தண்ணியில இறங்கினவர். இதுவரைக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. அவர் மேலே குத்தமில்லை. அதைத்தான் சொல்ல வர்றேன், கொஞ்சம் முன்னாடியிலிருந்து சொன்னாத்தான் புரியும்.

இந்த ஆறு, மேல் பாலத்திலிருந்து கீழ் அணை வரைக்கும் எஸ்டேட்டுக்குச் சொந்தம். நாலு மைல். இதுல இருக்கிறது டிரவுட் மீன். எங்க லயத்து வரிசை வீடுகள்ல துரைமீன்னுதான் சொல்லுவோம். வெள்ளைக்காரன் காலத்துல கொண்டுவந்து விட்டது, இன்னிக்கும் துரைமார் கிளப்தான் அதைப் பிடிக்கிறது. புழு கோர்த்துப் பிடிக்கக் கூடாது, மாவு உருட்டிப் போடக் கூடாது, வலை ஆகவே ஆகாது. இறகுல கட்டின பொய் ஈயைத்தான் போடணும். மாசி முதல் தேதி ஆத்தைத் திறப்பாங்க, ஐப்பசி கடைசியில மூடுவாங்க. முட்டை விடுற மாசமெல்லாம் யாரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் காவல் பார்க்கிறதுதான் எங்க வீட்டுக்காரர் வேலை. சேர்மராஜ்னு பேரு. ஆத்து வாச்சர்.

இதுக்கு முன்னாடி தேயிலைக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தார். நாலு வருஷத்துல மூச்சு இழுப்பு வந்துடுச்சு. படுத்தா நெஞ்சுக்குள்ளே விசில் சத்தம் கேட்கும். ஆத்து வேலைக்கு வந்த ஆறே மாசத்துல அந்தச் சத்தம் நின்னுடுச்சுக்கா. வேலையோட சேர்ந்ததுதான் இந்த வீடும். வேலை போச்சுன்னா வீடும் போச்சு, மருந்து டின் மறுபடியும் முதுகுல ஏறிடும். இதை ஞாபகத்துல வச்சுக்கங்க.

போன வருஷம் கிளப்புக்குச் செக்ரட்டரியா இருந்தவர் பொன்னப்பா துரை. குடகுக்காரர், எழுபத்தொரு வயசு, மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவர். தப்பா நினைக்காதீங்க, மரியாதையான மனுஷர். ஆனா அவர் மீன் பிடிக்க நின்னார்னா நான் முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கணும். அந்த நீளக் கயித்தைத் தலைக்கு மேலே முன்னாலேயும் பின்னாலேயும் வீசுவார், இல்லாத மாட்டுக்குச் சாட்டை சுத்துற மாதிரி. முன்னாலே மீன், பின்னாலே மரம். மாட்டுறது என்னவோ மரம்தான். 'வாச்சர்'ம்பார் மெதுவா. எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டிட்டு ஏறுவார். ஒரு தடவை துரை தன் தொப்பியையே பிடிச்சார். பொய் ஈயெல்லாம் ஒரு பெட்டியில கட்டம் கட்டமா வச்சிருப்பார், நம்ம அஞ்சறைப்பெட்டி மாதிரி. மிளகு நிறம், மல்லி நிறம், மஞ்சத்தூள் நிறம். அதைத் திறந்தாலே எனக்குத் தாளிக்கணும் போல இருக்கும்.

பூவரசங்கசத்துல பெரிய மீன் ஒண்ணு உண்டு. மூணு வருஷமா அதுக்காகத்தான் நின்னார். வேற மீனெல்லாம் அப்பப்போ வரும். அது மட்டும் வராது.

இப்போ எங்க பாப்பா கோமுவைப் பத்திச் சொல்லணும். கோமதின்னு சங்கரன்கோவில் அம்மன் பேரு. போன வருஷம் மாசியில அதுக்கு இரண்டு வயசு முடியலை. சாப்பாட்டைக் கண்டா வாயைப் பூட்டிக்கும். நிலா காட்டினேன், காக்கா காட்டினேன், கங்காணி வர்றார்னு மிரட்டினேன். நிஜமாவே கங்காணி வந்தப்போ அவருக்கு டாட்டா காட்டிட்டு மறுபடியும் பூட்டிக்கிச்சு.

ஒரு நாள் துணி அலசக் கசத்துக்குப் போனேன், இடுப்புல பாப்பா, கையில இட்லிக் கிண்ணம். கோமு தட்டிவிட்டதுல ஒரு துண்டு தண்ணியில விழுந்துச்சு. கீழேயிருந்து ஒரு நிழல் எழுந்து வந்துச்சுக்கா. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும். வாயைத் திறந்துச்சு, இட்லியை வாங்கிக்கிச்சு, எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு இறங்கிடுச்சு. கோமு அதையே பார்த்துக்கிட்டு தானும் ஆ-ன்னு வாயைத் திறந்துச்சு. நான் டபக்குன்னு ஒரு வாய் வச்சேன். முழுங்கிடுச்சு.

அன்னிலேருந்து மீனுக்கு ஒரு வாய், கோமுவுக்கு ஒரு வாய். தினமும் பதினோரு மணிக்கு. அந்த நேரம் எங்க வீட்டுக்காரர் மேல் பாலத்துப் பக்கம் போயிருப்பார். மூணு இட்லி கொண்டுபோனா ஒண்ணரை அதுக்கு, ஒண்ணரை இதுக்கு. மாவு உருட்டிப் போடக் கூடாதுன்னுதானே சட்டம், இட்லி வெந்தாச்சே, அது எப்படி மாவாகும்னு நினைச்சேன். யார்கிட்டேயும் கேட்கலை. கேட்டா வேண்டாம்னுடுவாங்களே.

பங்குனியில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். துரை மத்தியானமே வந்து நின்னு ஈயை மாத்தி மாத்திப் போடுவார். மீன் அடியிலேயே கிடக்கும். 'இதுக்குப் பசியே எடுக்காதா, வாச்சர்?'ம்பார். சித்திரையில கோடை மழை பெய்ஞ்சு ஈசல் கிளம்பின அன்னிக்கு ஆறு பூரா மீன் துள்ளுது, அந்தக் கசத்துல மட்டும் அசைவே இல்லை. துரை வீட்டுக்குப் போய் ஈசல் மாதிரியே ஒண்ணு கட்டிக்கிட்டு வந்தார், இறக்கையெல்லாம் வச்சு, அவ்வளவு அழகு. மீன் சீண்டலை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. அப்படி என்னதான் கொழுப்போ இந்த மீனுக்குன்னு நானே திட்டினேன்.

ஆனி பிறந்ததும் மழை பிடிச்சுக்கிச்சு. உங்க கோயம்புத்தூர் மழை மாதிரி இல்லைக்கா, இங்கே இறங்கினா ஐம்பது அறுபது நாள். ஆறு டீத்தண்ணி நிறத்துல கரை ஏறிப் போச்சு. கசம் எது, பாறை எதுன்னு தெரியாது. கோமு ஜன்னல்ல நின்னு 'மீனு, மீனு'ங்கும், வாயைப் பூட்டிக்கும். ஆடியில அங்கன்வாடியில எடை பார்த்தாங்க. கொக்கித் தராசுல தொட்டில் மாட்டித் தொங்கவிடுவாங்களே, அது. ஒன்பது கிலோ நூறு. டீச்சர் அட்டையில புள்ளி வச்சாங்க. பச்சையிலிருந்து வழுக்கி மஞ்சள்ல விழுந்துடுச்சு.

'என்ன முப்பிடாதி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுறியா, காத்தை ஊட்டுறியா?'ன்னாங்க, எல்லார் முன்னாலேயும். இட்லியில கேரட் துருவிப் போட்டுக் கொடு, தெம்பு வரும்னாங்க. தலையாட்டிட்டு வந்தேன். இந்த எஸ்டேட்டுலேயே இட்லியில கேரட் போட்டது நான் ஒருத்திதான். மாமியார் போன்ல கேள்விப்பட்டு, 'இட்லிக்கு எதுக்குடி பொட்டு வைக்கிறே?'ன்னாங்க.

புரட்டாசியில ஆறு தெளிஞ்சுச்சு. முதல் நாளே கோமுவைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இட்லியைப் போட்டுட்டுப் பார்த்தா ஒண்ணும் இல்லை. வெள்ளத்துல போயிடுச்சோன்னு இன்னொரு துண்டைப் போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா அந்த நிழல் வந்துச்சு. கோமு வாயைத் திறந்துச்சு. நான் அழுதுட்டேன். மீன் முன்னாடி அழுதா வெட்கமில்லைதானே.

அதுக்கப்புறம்தான் வினை வந்துச்சு. துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. அன்னிக்குப் பிடிச்ச முதல் மீன் வயித்தைக் கீறி, அது என்ன பூச்சி தின்னிருக்குன்னு பார்ப்பார். அதே சாயல்ல ஒரு ஈயைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுவார். இந்தத் தூண்டில்காரங்க நிறையப் பேர் அப்படித்தானாம். அன்னிக்குக் கசத்து ஓரத்துல ஒரு சின்ன மீன் மாட்டுச்சு, பெரிசு சிந்துறதைப் பொறுக்கித் தின்கிற மீன். இதோ, இந்த மேஜை மேலேதான் கீறினார். வயித்துல இருந்ததை வெள்ளைத் தட்டுல தள்ளி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

'வாச்சர், இது என்ன?'

எங்க வீட்டுக்காரர் குனிஞ்சார். 'சோறு மாதிரி இருக்குங்க துரை.'

'சோறு இல்லை, இட்லி. இந்தச் சிவப்பு என்ன?'

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். 'ஏதோ காட்டுப் பூவுங்க.'

'காட்டுப் பூவைத் துருவிப் போடுவாங்களா?'

நான் டீ கிளாஸோட கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன். எவனோ இட்லி போட்டு மீனைப் பழக்கி வலை போடுறான்னு துரைக்கு முகமெல்லாம் சிவந்துடுச்சு. 'ஐப்பசி முடியறதுக்குள்ளே ஆளைப் பிடிக்கணும் வாச்சர். பிடிக்கலைன்னா கிளப்புல வாச்சர் எதுக்குன்னு கேட்பாங்க. உன்னை மருந்தடிக்கத்தான் அனுப்புவாங்க. என்னால தடுக்க முடியாது.'

வாச்சர் திருடனைப் பிடிக்கணும். திருடி அடுப்படியில நிக்கிறா. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன்கா, சத்தியமா. 'துரை, டீ'ன்னுதான் வந்துச்சு.

மறுநாள் துரை காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டார். வீட்டுல வேற எதுவும் இல்லை, கோமுவுக்கு அவிச்ச இட்லிதான் இருந்துச்சு. அதையே வச்சேன். ஒரு விள்ளல் பிட்டார். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோமுவைப் பார்த்தார். அப்புறம் நாலு இட்லி சாப்பிட்டு, 'நல்லாயிருக்கும்மா'ன்னார். கேரட்டுன்னா அவருக்கு உயிர் போலிருக்கு. நல்லவேளை, கண் மங்கலோ என்னவோ, வேற ஒண்ணும் புரிஞ்சுக்கலை.

எங்க வீட்டுக்காரர்தான் பாவம். வெள்ளை மனசு, எதையும் எடுத்துச் சொன்னாத்தான் விளங்கும். சோறு திங்கும்போது திருடனைப் பத்தியே பேசுவார்.

'ஆளு சின்ன ஆளு முப்பிடாதி. கால் தடம் பார்த்தேன்.'

'எவ்வளவு சின்னது?'

'ஒண்ணு உன் கால் அளவு இருக்கும். இன்னொண்ணு இத்தனூண்டு.' விரலை மடக்கிக் காட்டினார்.

'குரங்கா இருக்கும்'னேன்.

'இருக்கும் இருக்கும். செருப்புப் போட்ட குரங்கு. நடந்தா பீப்பீன்னு சத்தம் வர்ற செருப்பு.'

அன்னிக்கே கோமுவோட பீப்பீ செருப்பைத் தூக்கிப் பரண்ல போட்டேன். இவ்வளவு கிட்ட வந்தும் மனுஷருக்குப் பிடிபடலை பாருங்க.

இன்னும் கேளுங்க. தினமும் பத்தரைக்கு வாசல்ல நின்னு, 'நான் மேல் பாலத்துக்குப் போறேன், பன்னிரண்டு மணி வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்'னு ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போவார். காவல்காரன் போற வழியைத் திருடனுக்குச் சொல்லிட்டா போவான்? எனக்கே கோபம் வரும். கசத்துக் கரையில வழுக்குற இடத்துல தட்டைக் கல் ஒண்ணை உருட்டிப் போட்டார், பக்கத்துல இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டினார். என்னத்துக்குன்னு கேட்டா, துரைமார் பிடிச்சுக்கிறதுக்காம். கயிறு என் முழங்கால் உயரம்கூட இல்லை. எந்தத் துரை தவழ்ந்து வந்து பிடிக்கப் போறார்னு கேலி பண்ணினேன். சிரிச்சுக்கிட்டார். ஆனா கோமுவுக்கு அது ரொம்ப வசதியா அமைஞ்சுபோச்சு.

நிறுத்திடலாம்னும் பார்த்தேன்கா. இரண்டு நாள் போகலை. இரண்டு நாளும் கோமு வாயைத் திறக்கலை. ஒரு பக்கம் அவர் நெஞ்சு விசில், ஒரு பக்கம் மஞ்சள் அட்டை. எதைப் பார்க்கிறது? மூணாம் நாள் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.

ஐப்பசி கடைசி நாளும் வந்துச்சு. மறுநாள் ஆத்தை மூடிடுவாங்க. திருடன் அகப்படலை. பதினோரு மணிக்கு நான் தட்டைக் கல்லுல உட்கார்ந்து இட்லியைப் பிய்க்கிறேன். கோமு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, 'மீனு வா, இட்லி வா'ன்னு கூப்பிடுது. மீனும் வந்துச்சு. பூவரசுக்குப் பின்னாலேயிருந்து துரையும் வந்தார்.

நான் வாயைத் திறந்தபடி, கோமு வாயைத் திறந்தபடி, மீனும் வாயைத் திறந்தபடி. துரை வாய் மட்டும்தான் மூடியிருந்துச்சு. கையில தூண்டில். மூணு வருஷமா அவர் தவம் கிடந்த மீன், எட்டிப் பிடிக்கிற தூரத்துல. வீசினா முடிஞ்சுது. வீசலை. அப்புறம்தான் கவனிச்சேன், கயித்து நுனியில ஈயே கட்டலை. மறந்துட்டார் போல. வயசாச்சில்லையா.

முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எங்க பக்கத்துல உட்கார்ந்தார். 'எனக்கு ஒரு விள்ளல் கொடும்மா'ன்னார். கொடுத்தேன். தின்பார்னு நினைச்சேன். தண்ணிக்கு மேலே நீட்டினார். மீன் ஒதுங்கிப் போச்சு. கோமு அவர் மணிக்கட்டைப் பிடிச்சு, 'இப்பி'ன்னு தண்ணிக்குள்ளே அமுக்குச்சு. மீன் திரும்பி வந்து விரலோட சேர்த்து ஒரு உரசு உரசி வாங்கிக்கிச்சு.

'மூணு வருஷம்'னார் துரை. ஈர விரலையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

மேல் பாலத்துக்குப் போன எங்க வீட்டுக்காரர், எப்படியோ அடுத்த மரத்துக்குப் பின்னாலேயிருந்து வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு மருந்து டின் ஞாபகம் வந்துடுச்சு. 'துரை, அவரை வேலையை விட்டு எடுத்துடாதீங்க, அவருக்கு ஒண்ணுமே தெரியாது, எல்லாம் நான்தான்'னு ஆரம்பிச்சேன்கா. கோமு வாயைப் பூட்டுறது, மழை, மஞ்சள் அட்டை, அவர் நெஞ்சு, வெந்த இட்லி மாவாகாதுங்கிறது, எல்லாத்தையும் ஒரே மூச்சுல. பேசினது நான்தானான்னு திரும்பிப் பார்க்கணும் போல இருந்துச்சு.

துரை முழுசும் கேட்டார். அப்புறம் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, 'வாச்சர், திருட்டு அகப்பட்டாச்சு. கிளப் சட்டப்படி எடை போடணும்'னார்.

பிடிச்ச மீனை எடை போட்டு நோட்டுல எழுதினாத்தான் அது பிடிச்ச மீன். அதுக்குன்னு ஒரு கொக்கித் தராசு வச்சிருக்காங்க, அங்கன்வாடித் தராசுக்கு அண்ணன் மாதிரி. துரையோட கான்வாஸ் மீன் பையில கோமுவை உட்கார வச்சு, கால் இரண்டும் வெளியே தொங்க, பூவரசுக் கிளையில மாட்டினாங்க. அது கை கொட்டிச் சிரிக்குது. நான் முள்ளையே பார்க்கிறேன். பத்து கிலோ நானூறு. பைக்கு நூத்தைம்பது கழிச்சார் துரை. ஸ்வெட்டருக்கும் கழிக்கணும்னார். அது மெல்லிசு ஸ்வெட்டர், கழிக்கக் கூடாதுன்னேன். நீ துரைகிட்டே சண்டையே போட்டேன்னு எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுறார். நான் சண்டையெல்லாம் போடலை. கழிக்க விடலை, அவ்வளவுதான்.

அந்த நோட்டு உள்ளே அலமாரியில இருக்கு, அப்புறம் காட்டுறேன். நானும் படிக்கணும்னு துரை கோணல்மாணலா தமிழ்லேயே எழுதினார். இடம், பூவரசங்கசம். போட்ட ஈ, கேரட் இட்லி. எடை, பத்து கிலோ இருநூற்றைம்பது. உயிரோடு திரும்ப விடப்பட்டது. கீழே சாட்சி, வாச்சர் சேர்மராஜ்.

அடுத்த வாரம் அங்கன்வாடி அட்டையிலயும் புள்ளி பச்சைக்கு ஏறிடுச்சு. வேலையும் அப்படியே இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அன்னி வரைக்கும் ஒண்ணும் தெரியாது பாருங்க. இப்போ கேட்டாலும், 'எனக்கு என்ன தெரியும்'னுதான் சிரிப்பார். அந்த அப்பாவித்தனத்துக்காகவே அவரைத் திட்ட மனசு வராது.

துரை மார்கழியில மைசூருக்கு மக வீட்டோட போயிட்டார். போகும்போது, 'பதினொண்ணுலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்தக் கசத்துல யாரும் தூண்டில் போட வேண்டாம், வர்றவங்ககிட்டே சொல்லிடுங்க'ன்னார். எழுதி வைக்கலை. எழுதினா கிளப்புல ஏன்னு கேட்பாங்களே, அதனால வாயாலதான் சொல்லணும். யார் சொல்றதுன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, 'நீயே சொல்லு, உனக்குத்தான் நல்லா பேச வரும்'கிறார். கேலியைப் பாருங்க.

பீப்பீ சத்தம் கேட்குதா? எடை போட்ட அன்னிக்கே பரண்லேருந்து செருப்பை இறக்கிட்டேன். பாப்பா எழுந்துடுச்சு. மணி பதினொண்ணு ஆகப் போகுது.

அதைத்தான்கா கேட்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுக்காரரைக் குத்தம் சொல்லலை. நல்லாத்தான் வீசுறார், மரம் இதுவரைக்கும் இரண்டே தடவைதான் மாட்டியிருக்கு. ஆனா அவர் இப்போ நிக்கிறது எங்க கோமு சாப்பிடுற இடம். ஒரு மணி நேரம் மேலே வந்து இளைப்பாறச் சொல்றீங்களா? நீங்களே கூப்பிடுங்க, எனக்குக் குரல் வராது.

இட்லி அவருக்கும் எடுத்து வச்சிருக்கேன். சட்னியை மட்டும் கேரட் தெரியாத மாதிரி மேலே தாராளமா ஊத்திக் கொடுங்கக்கா. துரைக்காவது கண் மங்கல். உங்க வீட்டுக்காரர் கண்ணாடிகூடப் போடலை.